இலைக்கயிற்றின் இரண்டு முனைகள்

புதன்கிழமை காலையில் காட்டிலிருந்து கொடிகள் வந்து சேர்ந்தன. ஆண்கள் ஆளுக்கொரு சுருளைத் தோளில் சுமந்து வந்து, தேவாலயத்துக்கு முன்னால் இருந்த புல்தரையில் தொப்பென்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். இனிமேல் வேலை பெண்களுடையது. கொடியோடு கொடியை முடிந்து நீளமாக்க வேண்டும். பச்சைத் தென்னோலையைக் கிழித்து, இடைவெளி தெரியாமல் கொடி முழுக்கச் சுற்ற வேண்டும். கைகளை விரித்து அளந்தால் இருநூறு பாகம் நீளம். மறுநாள் கடல் வற்றும் நேரத்தில் வைதாலா ஊரே அந்த இலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நதோம்பா குடாவில் இறங்கி, வட்டம் கட்டி, மீன்களை நடுவே விரட்டும்.

நதோம்பாவில் இரண்டு வருஷமாக யாரும் கால் நனைத்ததில்லை.

தரைவினியின் புருஷன் இலிசோனி கடலோடு போன வாரத்தில் அந்தக் குடாவுக்குத் தடை போட்டார்கள். ஊரில் யார் இறந்தாலும் ஒரு துண்டுக் கடலை அவருக்கென்று மூடி வைப்பதுதான். நூறு ராத்திரி கழிந்ததும் திறந்து, அந்த மீனைக் கொண்டே விருந்து வைத்து முடித்துவிடுவார்கள். இலிசோனியின் உடம்பு கிடைக்கவில்லை. “அடக்கம் பண்ணாத ஆளுக்கு நூறு ராத்திரிய எந்த ராத்திரியிலேருந்து எண்றது?” என்று குலத்தலைவர் எமோசி கேட்டார். தடை அப்படியே நின்றது. அதோடு தரைவினியின் மேல் கறுப்பு உடையும் நின்றது.

போன மாதம்தான் பெரியவர் மனம் இளகி நாள் குறித்தார். வியாழன் மீன்பிடி, சனி விருந்து. நதோம்பா மீனை ஊர் சாப்பிட்டு எழுந்ததும், இலிசோனியின் அக்கா கெலேரா தன் கையால் தரைவினியின் கறுப்பைக் களைந்து பூப்போட்ட துணியை உடுத்திவிடுவாள். அதன் பிறகு அவள் செத்தவனின் மனைவி இல்லை. யாரும் அவளைப் பெண் கேட்டு வரலாம்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. ஓலையைச் சுற்றிக்கொண்டே தரைவினி மனதுக்குள் எண்ணினாள். இந்த நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும்.

“வினி, உன் கொழுந்தன்கிட்டச் சொல்லு,” என்றாள் கெலேரா. “கொடி ஒண்ணு செல்லரிச்சுப் போயிருக்கு. கண்ணத் தொறந்து பாத்து வெட்டணும்னு சொல்லு.”

கொழுந்தன் அபிசாய் பத்தடி தள்ளி, அரிவாளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெலேராவின் கூடப்பிறந்த தம்பி. வளர்ந்த பிறகு அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, அதுதான் மரியாதை. அவனுக்குக் கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்தான்.

“செல்லரிச்சிருக்காம்,” என்றாள் தரைவினி.

“வேற கொண்டுவரேன்னு சொல்லு,” என்று அவன் அரிவாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

“வேற கொண்டுவராராம், அண்ணி.”

“எனக்கென்ன காது செவிடா?” என்றாள் கெலேரா. பெண்கள் சிரித்தார்கள்.

கெலேராவுக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது. ஊர்ப் பெண்கள் கடலில் இறங்கும்போதெல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம். ஓலைத்தும்பை மடியிலிருந்து தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“சரி, கேக்க வேண்டியதக் கேட்டுர்றேன். வயித்துல வெச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கறவ எவளாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கடி. நாளைக்குத் தண்ணியில நின்னுக்கிட்டு முழிக்காதீங்க.”

கர்ப்பிணிகள் மீன்பிடிக்க வருவதில் ஒரு தப்புமில்லை. எத்தனையோ பேர் எட்டு மாத வயிற்றோடு இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறார்கள். சொல்லாமல் வந்து நிற்பதுதான் தப்பு. மறைத்த வயிறு ஒன்று வட்டத்தில் இருந்தால் மீன் அந்த வட்டத்தில் நிற்காது. வைதாலாவில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, கடல் உப்பு என்று யாரும் கற்றுக்கொடுக்காத மாதிரி.

உனைசி மெல்ல ஓர் ஓலைக்கீற்றைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. மூத்த மகன் தலைநகர் சுவாவில் போலீஸ்காரன்.

“அடி பாவி!” என்றாள் கெலேரா. “உனக்கெதுக்குடி இந்த வயசுல?”

“என்னை ஏன் கேக்கற? கிழங்குத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்து இடுப்பு வலி, முதுகு வலின்னு புலம்புதே அந்த மனுஷன், அதப் போய்க் கேளு.”

“முதுகு வலிக்கறவன் பண்ற வேலையா இது!”

“எண்ணெய் தேய்ச்சு விடுன்னுதான் கூப்பிட்டாரு.”

புல்தரையே குலுங்கியது. இன்னும் இரண்டு இளம்பெண்கள் வெட்கத்தோடு கை தூக்கினார்கள். கெலேரா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பார்வை தரைவினியின் மேல் நிற்கவே இல்லை. கறுப்பு உடுத்தியவளிடம் யார் அதைக் கேட்பார்கள்? காலிப் பாயைத் தாண்டிப் போவதுபோல் தாண்டிப் போனது. கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவளுக்கு மூன்றாவது மாதம்.

சாயங்காலம் ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அபிசாய் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். தோளில் புதுக் கொடிச் சுருள். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு எதிர்க்கரைப் பாறையில் உட்கார்ந்தான்.

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“நீ?”

“கயிறு சுத்திக்கிட்டிருந்தேன்.”

அவன் மூச்சை விட்டான். நிம்மதியா பயமா என்று சொல்ல முடியாத ஒரு மூச்சு.

அவனிடம் அவளுக்கு முதலில் இருந்தது வெறுப்புத்தான். அண்ணனும் தம்பியுமாக ஒரே படகில் பவளத்திட்டுக்கு வெளியே போனார்கள். படகு கவிழ்ந்தது. மறுநாள் மத்தியானம் ஐஸ்பெட்டியின் மூடியைக் கட்டிக்கொண்டு அபிசாய் மட்டும் கரை சேர்ந்தான். அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னான். எல்லோரும் அழுதார்கள். அழுதுகொண்டே சிலர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அதற்கப்புறம் அவன் கடல் பக்கமே போகவில்லை. காட்டில் யங்கோனாச் செடி நட்டான், கிழங்கு நட்டான். புயலில் அவளுடைய கூரைத் தகடு பறந்தபோது, கேட்காமலே ஏணியோடு வந்து நின்றான். நாலு நாள் வேலையில் அவன் பேசியது பத்து வார்த்தை இருக்காது. ஐந்தாம் நாள் ஏணி வராதபோது அது சாய்ந்திருந்த இடத்தை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அண்ணன் போனபின் தம்பி கட்டிக்கொள்வது ஊருக்குப் புதிதில்லை. சனிக்கிழமை கழியட்டும். திங்கட்கிழமை அபிசாய், பெண் கேட்கக் கொடுக்கும் சீரான திமிங்கிலப் பல்லோடு அவளுடைய அப்பா ஊருக்குப் போய் முறைப்படி கேட்பான். எல்லாம் பேசி வைத்ததுதான்.

“நாளைக்குச் சொல்லிட்டா என்ன?” என்றாள்.

“கறுப்புத் துணியோட இருக்கும்போதா? என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியாதா? உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வினி. உங்கப்பா ஒரு பல்லக் கொண்டாந்து மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிடும்.” அவன் ஓடையையே பார்த்தான். “என்னைத்தான். அண்ணன் பொண்டாட்டிக்கு ஆசப்பட்டு அவனக் கடல்ல விட்டுட்டு வந்தவன்னு சொல்வாங்க. சாகற வரைக்கும் சொல்வாங்க. அந்தப் புள்ளகிட்டயும் சொல்வாங்க.”

“மீன் வரலன்னா?”

“அதெல்லாம் சும்மா பேச்சு.”

அவன் அதைச் சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை.

வியாழன் காலை ஜெபம் முடிந்ததும் புறப்பட்டார்கள். மேட்டைத் தாண்டி ஒரு மணி நேர நடை. இலைக்கயிறு ஒரு நீளமான பச்சைப் பாம்புபோல் ஐம்பது தோள்களில் ஏறி ஊர்ந்தது. பாதி வழிவரை ஒரே கூச்சல்.

“மச்சான்!” என்று பின்னாலிருந்து கத்தினான் செக்கோனையா. அபிசாய்க்கு மாமன் மகன். இருவரும் பிறந்ததிலிருந்தே ஒருவரையொருவர் கிண்டல் செய்துதான் பழக்கம். “தண்ணியில எறங்கி ரெண்டு வருஷமாச்சே, கடல் எந்தப் பக்கம்னு ஞாபகமிருக்கா? இல்ல நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகவா?”

“உன் கையப் புடிச்சா மீன் நாத்தம் போக ஒரு வாரமாகும்.”

“நீ கெழங்கு தின்னு தின்னு பன்னி மாதிரி ஆயிட்ட. மொதல்ல மெதப்பியா பாரு!”

சொன்ன பிறகுதான் செக்கோனையாவுக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான். மேட்டின் உச்சி வந்து இலிசோனியின் குடா தெரிந்ததால் மற்றவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். குடைகளை மடக்கினார்கள். அதற்கு மேல் ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

இறக்கத்தில் பாதையே இல்லை. இரண்டு வருஷத்துப் பெரணியும் கொடியும் மூடியிருந்தன. எங்கோ உள்ளே காட்டுப் புறா நாய் மாதிரி குரைத்தது. எல்லோருக்கும் தெரிந்த குரல்தான். ஆனாலும் ஓர் இளம்பெண் உனைசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு மார்புக் கிளிகள் கைக்கெட்டும் கிளையில் உட்கார்ந்திருந்தன. ஆட்கள் வருவதைப் பார்த்தும் பறக்கவில்லை. கழுத்தைச் சாய்த்து ஒவ்வொருவராகப் பார்த்தன. மணலில் நண்டுகள் ஆட்களின் காலைச் சுற்றிக்கொண்டு நடந்தன. கொக்கு ஒன்று அரிவாள் வீச்சுத் தூரத்தில் நின்று மீன் தின்றுகொண்டே இருந்தது.

குடா அசையாமல் கிடந்தது. அலைகூடக் கரையில் வந்து உடையாமல் மெதுவாக ஏறி இறங்கியது. கண்ணாடி மாதிரி நீரில் ஒரா மீன் கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் சத்தம் கரைக்குக் கேட்டது. பாரை மீன்கள் வெள்ளித் தகடுகளாகத் திரும்பின. இவ்வளவு மீனை அந்த ஊரில் உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் யாரும் சந்தோஷப்படவில்லை. ஆள் இருக்கும் வீட்டுக்குள் குரல் கொடுக்காமல் நுழைந்துவிட்டவர்கள் போல வரிசையாக நின்றார்கள்.

தரைவினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேட்டுத் தோட்டத்தில் கிழங்கு தோண்டும்போதெல்லாம் இந்தப் பக்கமிருந்து ஏதோ ஒன்று தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். காற்று என்று சொல்லிக்கொள்வாள். இப்போது காற்றில்லை.

தடைக்கு அடையாளமாக நட்ட கம்பு முனையில் நின்றது. கல்யாண முருங்கைக் கம்பு. அது வேர் பிடித்து, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, உச்சியில் சிவப்பாகப் பூத்திருந்தது.

“கம்புதானே நட்டோம்?” என்றார் எமோசி. யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானத்தைக் காணிக்கையாக நீரில் ஊற்றிவிட்டுப் பேசினார். “இலிசோனி, பெரியப்பா வந்திருக்கேன்டா. ஒன் சனங்கதான் எல்லாரும். ஒன் எடத்தத் தொறந்து விடு.”

அவரால் கம்பைப் பிடுங்க முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். வேர் சேற்றைக் கவ்விக்கொண்டு சத்தத்தோடு வந்தது.

பிறகு கயிறு இறங்கியது. இறந்தவனின் மனைவி ஒரு முனை, அவன் உடன்பிறந்தவன் மறு முனை. அதுதான் வழக்கம். நடுவில் ஐம்பது பேரும் ஆளுக்கொரு பிடி. தரைவினி கிழக்குப் பாறையிலிருந்து நடந்தாள், அபிசாய் மேற்கிலிருந்து. கணுக்கால், முழங்கால், இடுப்பு. நீர் ஏறும்போது அவன் நின்றுவிட்டதை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள். முகம் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிந்தது. பிறகு நடந்தான்.

ஓலைகள் நீரில் சரசரத்தன. பெண்கள் உள்ளங்கையால் நீரை அறைந்தார்கள். வட்டம் சுருங்கியது. நிழலாக மீன்கள் நடுவே திரள்வது தெரிந்தது. “வருது, வருது!” என்றான் செக்கோனையா. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கிக் கரையோரமாகப் பின்னிக்கொண்டன. அவளும் அபிசாயும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள். ஈட்டிகள் உயர்ந்தன.

நடுவில் வெறும் மணல்.

ஒரு மீன்கூட இல்லை. வட்டத்துக்கு வெளியே, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், முன்பிருந்த இடத்திலேயே ஒரா மேய்ந்துகொண்டிருந்தது. கயிற்றில் ஓர் ஓட்டையில்லை. யாரும் பிடியை விடவில்லை. எப்போது போயின, எந்த வழியாகப் போயின என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் சத்தம் மட்டும்.

“குடுக்க மாட்டேங்கறான்,” என்றார் எமோசி கரையிலிருந்து. “கம்பு வேர் விட்டப்பவே நெனச்சேன். நட்டுடுங்க திரும்ப. இது அவனுக்கே இருக்கட்டும்.”

“அப்ப சனிக்கிழமை?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்ன சனிக்கிழமை? மீன் இல்லாம எப்படித் துணி களையறது? அந்தப் பொண்ணு இன்னும் அவன் பொண்டாட்டிதான். அதத்தான் சொல்றான்.”

தரைவினி நீரில் ஊறி ஒட்டிய தன் கறுப்புத் துணியைப் பார்த்தாள். இன்னொரு வருஷமா? ஆயுசு முழுக்கவா? இந்தக் கறுப்புக்குள்ளேயே வயிறு வளர்ந்து, இந்தக் கறுப்புக்குள்ளேயே பிள்ளை பிறந்து, அதை இலிசோனியின் பிள்ளை என்றா சொல்வது, இரண்டு வருஷம் கழித்து?

“கொஞ்சம் இருங்க பெரியப்பா,” என்றாள் கெலேரா. இடுப்பளவு நீரில் ஒரு பாறை மாதிரி நின்றாள். “என் தம்பிமேல பழியப் போடறதுக்கு முன்னால நான் இன்னொரு தரம் கேட்டுர்றேன். உசுரோட இருக்கும்போது அவன் பிடிச்சத யாருக்காவது இல்லன்னு சொல்லியிருக்கானா? நேத்து மூணு பேர் சொன்னீங்க. நாலாவது யாரு? வாயில என்ன, மரவள்ளிக் கெழங்கா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்னைப் பாக்காதீங்க, நான்தான் சொல்லிட்டேனே,” என்றாள் உனைசி.

தரைவினி அபிசாயைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். நீர் அவனுடைய இடுப்பில் தட்டித் தட்டிப் போனது. சொல்லாதே. அவள் குடாவின் வாயைப் பார்த்தாள். அங்கே, திட்டு திறந்து ஆழம் தொடங்கும் இடத்தில், நீர் எண்ணெய் போல நின்றது. அங்கிருந்துதான் பார்க்கப்படுகிறோம் என்று தோன்றியது. கோபமான பார்வையாகவும் தோன்றவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவனின் பார்வை.

அவள் கெலேராவின் பக்கம் திரும்பவில்லை. அந்தத் திறப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“இலிசோனி, நான்தான். மூணு மாசம். மறைச்சுட்டேன். மீன் என்ன பண்ணும், அவங்க என்ன பண்ணுவாங்க. கோவம்னா என்மேல வெச்சுக்கோ.”

குரல் நீரின் மேல் தட்டையாகப் போயிற்று. யாரோ “அம்மாடி” என்றார்கள். அதற்குமேல் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அபிசாயின் முகம் ஊருக்கே சொல்லிவிட்டது.

செக்கோனையா கயிற்றைப் பார்த்துக்கொண்டான். கரையில் ஒருவர் மெதுவாக, “அதான பாத்தேன்,” என்றார். அது எல்லோருக்கும் கேட்டது. இரண்டு வருஷமாக வாயோரத்தில் வைத்திருந்த வார்த்தை.

கெலேரா நீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தரைவினி அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கினாள். கெலேரா அவளைக் கடந்து போனாள். நேரே அபிசாயின் முன்னால் போய் நின்று, சின்ன வயதுக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கிட்டச் சொல்லு. ஊருக்குச் சொல்லாத, எங்கிட்டச் சொல்லு. அவன விட்டுட்டு வந்தியா?”

அபிசாய் நீரைப் பார்த்தபடி சொன்னான்.

“அலை அடிக்கல, அக்கா.”

“அப்புறம்?”

“ஐஸ்பெட்டி மூடி ரெண்டு பேரத் தாங்கல. மாத்தி மாத்திப் படுத்துக்கிட்டோம். ஒருத்தன் மேல, ஒருத்தன் தண்ணியில, ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு. நூறு எண்ணிட்டு மாறணும். ராத்திரி முழுக்க மாறினோம். விடியறப்ப நான் மேல இருந்தேன். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.” அவன் கையால் முகத்தைத் துடைத்தான். கையும் ஈரம், முகமும் ஈரம். “தூங்கிட்டேன். முழிச்சப்ப வெயில் வந்திடுச்சு. அவன் இல்ல. அவன் என்னை எழுப்பல, அக்கா. எழுப்பியிருக்கலாம்ல? ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?”

இதைத் தரைவினியிடம் அவன் சொன்னதில்லை. கூரைத் தகடுகளுக்குக் கீழே, அவள் தோளில் முகம் வைத்துப் படுத்திருந்த எந்த நேரத்திலும் சொன்னதில்லை. அவன் ஏன் தூக்கத்தில் எண்ணுகிறான் என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். கிழங்கு மேடுகளை எண்ணுகிறேன் என்று சிரித்தான். இலிசோனியை அவளுக்குத் தெரியும். பாயில் படுத்தவளை எழுப்பாமல் காலைத் தேநீரைத் தானே போட்டுக்கொள்கிறவன். எழுப்பியிருக்க மாட்டான். தூங்கட்டும் என்று விட்டிருப்பான். எத்தனை நூறு எண்ணியிருப்பான்?

கெலேரா கையை ஓங்கினாள். ஓங்கிய கை தம்பியின் தலையில் இறங்கி, அங்கேயே நின்று, அவன் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டது. பெரிய குரல்காரி சத்தமே இல்லாமல் அழுதாள்.

“ரெண்டு வருஷமா இதச் சொமந்துக்கிட்டா கெழங்கு நட்ட?” என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தரைவினியின் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “நீயும்தான்டி. மூணு மாசம்! நேத்து உன் எதிரே உக்காந்து கழுதயாட்டம் கத்தினேனே, ஒரு கண்ணக் காட்டியிருக்கக் கூடாது?”

“பயமா இருந்துச்சு, அண்ணி.”

“எனக்குந்தான் பயமா இருக்கு. அதுக்குன்னு?” கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “பெரியப்பா! கம்ப நட வேணாம். தண்ணி ஏற இன்னும் நேரமிருக்கு. இன்னொரு சுத்து போறோம்.”

எமோசி அந்தப் பூத்த கம்பை மணலில் கிடத்தினார். “அவங்கப்பன் பல்லோட வரணும். தப்பு தப்புதான்.”

“வருவார். அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப மீன்!”

கயிறு மறுபடி விரிந்தது. தரைவினி கிழக்கு முனையைப் பிடித்து நடந்தாள். இந்த முறை யாரும் கத்தவில்லை, நீரை அறையவில்லை. ஓலையின் சரசரப்பு மட்டும். அவள் குடாவின் வாயைப் பார்க்காமலிருக்க முயன்றாள். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று நினைத்ததும் வேண்டுதல் பாதியில் நின்றது. வந்துவிட்டால், சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. தம்பி சொன்னதும் விழுந்திருக்கிறது. அவன் இங்கேதான் இருக்கிறான்.

முதலில் ஒரா வந்தது. அப்புறம் மடவை, வரிசை வரிசையாக. பாரைகள் கயிற்றைக் கண்டு திரும்பித் திரும்பி நடுவில் நெருக்கின. நீர் கொதிக்கிற பானை மாதிரி பொங்கியது. உனைசி வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தாள். செக்கோனையாவின் முதுகில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. ஊரே கத்தியது.

அபிசாய் எதிரில் வந்துகொண்டிருந்தான். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி நீ வருவாயா என்று கேட்காமல் கேட்கும் நடை. முனைகள் சேர இன்னும் நாலு எட்டு இருந்தது. தூங்கிப்போனவன். அவளால் வெறுக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். முன்பு வெறுத்தது நினைவிருந்தது, எப்படி வெறுத்தோம் என்பது நினைவில்லை. அவள் நாலு எட்டையும் தானே நடந்து, அவன் பக்கத்தில் போய் நின்று, தன் முனையை அவன் முனைமேல் போட்டுப் பிடித்தாள்.

அப்போதுதான் காலடியில் அது வந்தது.

வட்டத்தின் உள்ளேயிருந்து, அத்தனை மீன்களும் சிதறி ஓடும் நடுவே, அவசரமில்லாமல். கறுப்பாக, நீளமாக. ஆமையாக இருக்கலாம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். திட்டு ஆமை அவ்வளவு நீளமிருக்காது என்று செக்கோனையா சாதித்தான். அது அவர்கள் இருவருக்கும் இடையில் வந்து, கயிற்றின் ஓலையை முட்டி நின்றது. அவளுடைய முழங்காலில் உரசியது. சுரசுரப்பாக, குளிராக. அபிசாயும் பார்த்தான். அவன் உதடு எண்ணத் தொடங்கியது.

“எண்ணாத,” என்றாள் தரைவினி.

குனிந்து இரண்டு கையாலும் கயிற்றை நீருக்கு மேல் தூக்கினாள்.

“அடியே, என்னடி பண்ற!” எதிர்ப்பக்கத்திலிருந்து கெலேரா அலறினாள். “எறக்குடி! தூக்காத! மீனெல்லாம் போயிடும்!”

“ஒண்ணு போகட்டும், அண்ணி,” என்றாள் தரைவினி. கயிறு கனத்தது. அபிசாய் தன் பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தான். அது கடந்து, குடாவின் வாய்ப்பக்கம் வளைந்து போகும்வரை இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.